யாரோ துடைத்த துப்பாக்கி

ஆர்னே கங்காஸ் மானைத் தவறவிட்டான் என்று ஜினோ வந்து சொன்னபோது நான் வேட்டைக் கேம்ப் அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். நான் நம்பவில்லை. ஜினோ பெர்டோலா பொய் சொல்வதற்கென்றே காலையில் எழுந்திருக்கிற ஆள்.

"சத்தியமாடா சமையக்காரா! நூறு தப்படி கூட இருக்காது. கொம்பு மான் நின்னு, கழுத்தைத் திருப்பி, போட்டோ எடுக்க நிக்கிற மாதிரி நிக்குது. இவன் சுட்டான். அது இவனை ஒரு பார்வை பார்த்துட்டு, அவசரமே இல்லாம நடந்து போயிடுச்சு."

"ஆர்னேயா? கிளைட்டா இருக்கும்டா."

"கிளைட் தவறவிட்டா நான் எதுக்குடா பனியில ஓடி வரேன்? ஆர்னே! நம்ம ஆர்னே!"

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டேன். அன்று நவம்பர் பதினைந்து, வேட்டையின் முதல் நாள். எங்கள் பக்கம் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வங்கியில் ஆள் கிடையாது, பாதிரியார் கூட வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு தோட்டா வாங்க வருவார். சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் காற்று கேம்ப்பின் தகரத்தை முந்தின நாள் மாலையிலிருந்தே ஆட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு தேய்ந்துபோனதால் நான் வேட்டைக்குப் போவதை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஊரில் உருளைக்கிழங்கு பயிர் போடுகிறேன், நவம்பரில் இவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். அதனால் எல்லோருடைய பொய்யும் முதலில் என் அடுப்புக்குத்தான் வரும்.

ஆர்னேயின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மர மில்லில் ரம்பப் பல் தீட்டுகிற வேலைக்குச் சேர்ந்த வருடம் அவன் வாங்கியது. அடியில் இருக்கும் பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். பின்னால் கட்டைவிரலால் இழுத்து நிறுத்துகிற சின்னச் சுத்தி. குறி பார்க்கக் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் இரும்பு முள்தான். கையில் தூக்கிப் பிடிக்கிற இடத்தில் கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாகப் பளபளக்கும். கன்னம் படுகிற இடத்தில் கட்டையின் மெருகு தேய்ந்து வெறும் மரம் தெரியும். ஒரு வருடம் சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து கட்டை விரிசல் விட்டது. செம்புக் கம்பி சுற்றிக் கட்டினான். மில்காரர்கள் சேர்ந்து அவனுக்குப் புதிய துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொன்னபோது கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அந்தத் துப்பாக்கி கொண்டுவந்த இறைச்சியில்தான் அவன் மகள் ரோடா வளர்ந்தாள். ஜினோ அதற்கு ஆர்னேயின் ரெண்டாம் தாரம் என்று பெயர் வைத்திருந்தான். அதைக் கேட்டு ஆர்னேயின் பெண்டாட்டி எல்மா எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். அந்த வருடம் மட்டும் சிரிக்கவில்லை. எங்களில் ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது ஆர்னே வந்தான். வாசலில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு, துப்பாக்கியை வெளித் திண்ணையறையிலேயே குளிரில் சாய்த்து வைத்தான். சூடான அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், மறுபடி வெளியே போனால் உறைந்துவிடும். யாரும் உள்ளே கொண்டுவர மாட்டோம். ஜினோ கத்தரிக்கோலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

எங்கள் கேம்ப்பில் மானைத் தவறவிட்டவனுடைய சட்டையின் வாலை வெட்டி, பெயர் எழுதி, உத்தரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுவோம். ஜினோவின் வால் மட்டும் ஒரு வரிசை இருக்கும். என்னுடையதும் உண்டு. ஆர்னேயுடையது கிடையாது.

"திரும்புடா கிழவா," என்றான் ஜினோ. "இத்தனை வருஷமா உன் சட்டைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நல்ல கம்பளித் துணி. எல்மா வாங்கினதா?"

ஆர்னே திரும்பவில்லை. "நான் தவறவிடல."

"மான் வந்து மனு குடுத்துட்டுப் போச்சா?"

"நான் தவறவிடலன்னு சொன்னேன். யாரோ என் துப்பாக்கியைத் தொட்டிருக்காங்க."

மேசையில் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆர்னே பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்து விளக்கடியில் நீட்டினான். சுட்ட பிறகு குழலுக்குள் விட்டு எடுத்த துணி. ஒரே ஒரு குண்டு போனதற்கான கரி அதில் இருந்தது, அதைச் சுற்றி மஞ்சளாக எண்ணெய்.

"மோந்து பாருங்க. இது என் எண்ணெய் இல்ல. அக்டோபர்ல மணல் குழியில குறி பார்த்து முடிச்சேன். அதுக்கப்புறம் சீசன் முடியிற வரைக்கும் நான் குழலைத் துடைக்கிறதே கிடையாது. தெரியுமில்ல?"

தெரியும். அவன் மட்டுமல்ல, விஷயம் தெரிந்த எவனும் துடைக்க மாட்டான். அழுக்குக் குழலில் போகிற குண்டு நேற்றுப் போன இடத்துக்கே இன்றும் போகும். துடைத்து எண்ணெய் விட்ட குழலில் முதல் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். துப்பாக்கிக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து அதைக் கெடுக்கிறவன், இயந்திரம் தெரிந்தும் வேட்டை தெரியாதவனாகத்தான் இருக்க வேண்டும். இதை அன்றைக்கு நான் யோசித்திருக்கலாம். எல்லோரையும் போல நானும் ஆர்னே பார்த்த பக்கமே பார்த்தேன்.

அவன் பார்த்தது மருமகனை.

கிளைட் டிரவாரோ மேசையின் மூலையில் பேஸ்டி தின்றுகொண்டிருந்தான், இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுட்ட பெரிய சோமாசு மாதிரி ஒன்று. ரோடாவின் புருஷன். குளிர்காலம் முழுக்க அரசாங்கச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நல்ல பையன்தான், ஆனால் அவன் கை பட்ட பொருள் எதுவும் விளங்காது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம், ராத்திரியில் விளக்கடித்து மான் சுட்டதற்காக வனக்காவலரிடம் மாட்டிக்கொண்டவன். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறப்பதில்லை, மறந்ததாகக் காட்டிக்கொள்வதோடு சரி.

"நீ அக்டோபர்ல விறகு அடுக்க வந்தே," என்றான் ஆர்னே.

"ஆமா. நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"துப்பாக்கி இருக்கிற கொட்டகைச் சாவி உன்கிட்ட இருந்துச்சு."

கிளைட் மெல்வதை நிறுத்தினான். "இருந்துச்சு. விறகு கொட்டகையிலதான இருக்கு?"

"சீசனுக்கு முன்னாடி உன் வீட்டுல மான்கறி வெந்துச்சு. நானே தின்னேன்."

"அது லாரியில அடிபட்ட மான்! அன்னைக்கே சொன்னேனே. போலீஸ்காரர் வந்து பார்த்து அனுமதி எழுதிக் குடுத்தாரு. குண்டு பட்ட கறியா, லாரி பட்ட கறியான்னு உங்களுக்குத் தெரியாதா ஆர்னே? பாதி தொடை ரத்தம் கட்டிப் போய் நான் தூக்கிப் போட்டேன்."

"நீ தூக்கிப் போட்டதை நான் பார்க்கல."

ஜினோ கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "டேய் ஆர்னே, விடுடா. மருமகன்டா அவன்."

"அதனாலதான் கேக்குறேன். வேற எவனாவது இருந்தா கேக்கவே மாட்டேன், நேரா காவலர்கிட்ட போயிருப்பேன். அவரு கைக்குப் போனா துப்பாக்கியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுவாரு. நீ எடுத்தியா இல்லையா? எடுத்தேன்னு சொல்லு, முடிஞ்சுபோச்சு."

கிளைட்டுக்குக் காது சிவந்துவிட்டது. "நான் எடுக்கல. எடுத்திருந்தா துடைச்சிருக்க மாட்டேன். என் சொந்தத் துப்பாக்கியையே துடைக்கிறது இல்லன்னு வருஷா வருஷம் திட்டுறீங்களே, உங்களுதைத் துடைப்பேனா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் ஆர்னேயைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

"திருடினவன் துடைச்சுத்தான் வைப்பான்," என்றான்.

கிளைட் பாதிப் பேஸ்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான். கோட்டை மாட்டினான். "இதை நான் ரோடாகிட்ட சொல்வேன்," என்றான். அவன் பிக்கப் லாரியின் சத்தம் ஆற்றுப் பாலம் வரைக்கும் கேட்டது.

சட்டை வால் எதையும் வெட்டாமலேயே அந்த வருடம் கேம்ப் கிழிந்துபோனது. ஆர்னே மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பில் தனியாகத் திரிவதாகக் கேள்விப்பட்டோம்.

வீட்டில் அவன் என்ன செய்தான் என்பதை எல்மா பின்னால் என் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள், ஆகவே எங்கள் இருவருக்கும் எப்போதும் பேச விஷயம் உண்டு.

கொட்டகைப் பூட்டைக் கழற்றிச் சாவித்துவாரத்தில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தானாம். விறகு அடுக்கில் எந்தக் கட்டை இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தானாம். கடைக்குப் போய், யார் யார் என்ன எண்ணெய் வாங்கினார்கள் என்று கேட்டுவிட்டு வந்தான். கடைக்காரன் சிரித்துக்கொண்டே, சமையல் எண்ணெயையும் சேர்த்தா என்று கேட்டிருக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் எல்மாவையும் விடவில்லை.

"கிளைட் வந்தப்ப நீ வீட்டுல இருந்தியா?"

"பள்ளிக்கூடத்துல இருந்தேன்."

"எப்ப வந்த?"

"மூணு மணி பஸ் போனதுக்கப்புறம். ஆர்னே, சூப்பைக் குடி."

"அவன் கையில ஏதாவது இருந்துச்சா?"

"விறகு இருந்துச்சு."

"விறகைத் தவிர?"

"கையுறை இருந்துச்சு. நீ ஏன் அவன் பின்னாலேயே நிக்கிற? அவன் இல்லன்னு சொல்றானே."

"நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற?" என்று ஆர்னே கேட்டானாம். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சந்தேகம் தன் பக்கம் திரும்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

உர்ஹோவிடமும் போயிருக்கிறான். உர்ஹோ, எல்மாவின் தம்பி. கடிகாரம் பழுது பார்க்கிறவன், கல்யாணம் ஆகாதவன், மான் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். அவனைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். உர்ஹோவிடம் கோடாரியைக் கடன் கொடுத்தால் கழுவி, தீட்டி, பிடிக்கு எண்ணெய் தேய்த்துத் திருப்பித் தருவான். அந்த உர்ஹோவிடம்தான் ஆர்னே துணியை நீட்டி, இது என்ன எண்ணெய் என்று மோந்து சொல்லச் சொன்னான். உர்ஹோ மோந்து பார்த்தான். தெரியவில்லை என்றான். மறுபடியும் மோந்து பார்த்தான். இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடித்தன, ஆர்னே கிளம்பிவிட்டான். அவன் தலை மறைந்ததும் உர்ஹோ அக்காவுக்குப் போன் போட்டான்.

"என்னால முடியாது எல்மா. எனக்குப் பொய் சொல்ல வராது. ஒரு ஸ்பிரிங் தெறிச்சு எங்கேயோ போயிடுச்சு."

"நன்றித் திருநாள் விருந்துக்கு வா. ரோடாவும் வருவா. அன்னைக்குப் பேசிக்கலாம்."

ஆனால் ரோடா வரவில்லை. முந்தின நாள் போன் செய்தாள். "என் புருஷனைத் திருடன்னு சொன்ன வீட்டுல உக்காந்து நான் வான்கோழி திங்க மாட்டேன்மா. பசங்களும் வர மாட்டாங்க. அப்பா எல்லாரும் இருக்கிறப்ப சொன்னாரு. எல்லாரும் இருக்கிறப்ப இல்லன்னு சொல்லட்டும்."

"அவரு சரியில்லடி. மில்லு மூடினதிலிருந்து..."

"மில்லு எல்லாருக்கும்தான்மா மூடிச்சு."

ஏழு பேருக்கு வாங்கிய வான்கோழியை எல்மா மூன்று பேருக்கு முன்னால் வைத்தாள். வெளியே பொடிப்பனி. பிள்ளைகளின் நாற்காலிகளை அவள் எடுத்து ஓரமாகப் போடவில்லை, வேண்டுமென்றேதான். உர்ஹோ தன் கத்தியையும் முட்கரண்டியையும் கைத்துணியால் துடைத்தான். பிறகு எல்மாவினுடையதையும் எடுத்துத் துடைத்தான். பிறகு ஆர்னேயினுடையதை எடுத்தான். ஆர்னே அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயா?" என்றான்.

உர்ஹோ கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ துப்பாக்கியே தொட மாட்டியேடா. நீயா துடைச்சே?"

"நான்தான் துடைக்கச் சொன்னேன்," என்றாள் எல்மா. "இல்ல, துடைக்கச் சொல்லல. துடைச்சது அவனா பண்ணின வேலை. நான் கழட்டத்தான் சொன்னேன்."

"என்னத்தைக் கழட்ட?"

"தோட்டாவைத் தட்டுற ஊசியை," என்றான் உர்ஹோ தட்டைப் பார்த்தபடி. "நீ விறகு வெட்டப் போயிருந்தப்ப வந்து எடுத்தேன். சீசனுக்கு முந்தின நாள் திரும்ப வெச்சேன். பிரிச்ச பொருளை அப்படியே அழுக்கோட மாட்ட எனக்கு மனசு வரல. உள்ள பூரா கரி ஆர்னே. குழல்லயும் கரி. நல்லா இருக்கட்டும்னுதான்..."

"ஏன் கழட்டினீங்க?"

எல்மாதான் பதில் சொன்னாள்.

"மணல் குழியில குறி பார்த்து முடிச்சுட்டே. அதுக்கப்புறம் முதல் நாள் வரைக்கும் உனக்கு அந்தத் துப்பாக்கிகிட்ட என்ன வேலை? எந்த வருஷமாவது வேலை இருந்திருக்கா? இந்த வருஷம் நீ தினமும் கொட்டகைக்குப் போனே. கதவைத் தாழ் போட்டுக்கிட்டே. நான் பலகை இடுக்குல பார்த்தேன். மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. துடைக்கல, ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருந்தே."

"அதனால?"

"அதனால எனக்குப் பயமாயிடுச்சு."

"என்ன பயம்?"

"அதை என் வாயால சொல்லச் சொல்றியா?"

ஆர்னேயின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. மேசை விரிப்பைப் பிடித்துக் கசக்கினான். "என்னைப் பார்த்தா உனக்கு அப்படித் தெரியுதா? இத்தனை வருஷம் என்னோட குடித்தனம் பண்ணிட்டு? என் துப்பாக்கியை வெச்சு என்னையே..."

"ஆமா. அப்படித்தான் தெரிஞ்சுது."

"இடுக்கு வழியா வேவு பார்த்தியா?"

"பார்த்தேன். மறுபடியும் பார்ப்பேன்."

ஆர்னே எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. கதவு வரைக்கும் போனவன் அங்கேயே நின்று, திரும்பாமல் உர்ஹோவைக் கேட்டான்.

"என்னைக்கு எடுத்தே?"

"எதை?"

"ஊசியை. என்னைக்கு?"

"முதல் பனி விழுந்துச்சே, அன்னைக்கு. பனியில என் காலடி தெரியுமோன்னு பயந்து விளக்குமாத்தால பெருக்கிக்கிட்டே போனேன்."

"முதல் பனிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அன்னைக்குத்தான் ஆர்னே. விழுந்துக்கிட்டே இருந்துச்சு."

ஆர்னே வெளியே போய்த் தன் பிக்கப் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் பனி மூடி, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் போகும் வரை எல்மா ஜன்னலிலேயே நின்றாள். உர்ஹோ அழுதான். பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான் என்று எல்மா சொன்னாள். அவளுக்கு அழுகை இரவில்தான் வந்தது. ஒரு தப்பும் நினைக்காத மனுஷனை இப்படி நினைத்துவிட்டோமே, அவன் மனம் இனி நம்மிடம் ஒட்டுமா என்று அழுதிருக்கிறாள். காலையில் ரோடாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி, சொல்லி முடிக்கும்போதும் அழுதிருக்கிறாள்.

இது எதுவும் எனக்கோ ஜினோவுக்கோ அப்போது தெரியாது. மறுநாள் மத்தியானம் கேம்ப்பில் நான் பட்டாணி சூப்பில் பன்றி எலும்பு போட்டுக் கொதிக்க வைத்திருந்தேன். கிளைட் இருந்தான். ஆர்னே வருவதில்லையே, நீ வா என்று ஜினோதான் அவனை வற்புறுத்தி அழைத்து வந்திருந்தான். ரேடியோவில் கால்பந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலை நாள் என்று பேருக்குத்தான், யாரும் வேலைக்குப் போகவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஆர்னே துப்பாக்கியோடு உள்ளே வந்தான். குளிரில் வைக்காமல் நேராகச் சூட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். அதிலேயே எங்களுக்குத் திக்கென்றது. இரும்பு உடனே வியர்த்தது. அதைக் கதவோரம் சுவரில் சாய்த்தான்.

"ரேடியோவை நிறுத்து," என்றான். ஜினோ நிறுத்தினான்.

"நான் இங்க எல்லாரும் இருக்கிறப்ப கிளைட்டைத் திருடன்னு சொன்னேன். அவன் எடுக்கல. எல்மா சொல்லி உர்ஹோ எடுத்திருக்கான். கொண்டு போகல. ஊசியைக் கழட்டி வெச்சுக்கிட்டு, சீசனுக்கு முன்னாடி மாட்டித் துடைச்சு வெச்சிருக்கான்."

"உர்ஹோவா!" ஜினோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவன்தான் துடைப்பான்! உன் பெண்டாட்டி அதை ஏன்டா கழட்டச் சொன்னா? உன் ரெண்டாம் தாரத்து மேல பொறாமையா?"

"நான் சுட்டுக்குவேன்னு பயந்திருக்கா."

ஜினோவின் சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பிலிருந்த கரண்டியை எடுக்காமல் விட்டேன்.

"பொம்பளைங்க அப்படித்தான்டா," என்றான் ஜினோ, குரலை இறக்கி. அவனுக்கு ஆர்னேயைக் காப்பாற்ற வேண்டும். "எதையாவது நெனச்சுக்கிட்டுப் பயப்படுவாங்க. நம்ம ஆர்னேயா அப்படி? சும்மா இருடா. உக்காரு, சூப் குடி."

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவன் உட்கார்ந்திருக்கலாம். நல்ல வழி, எங்களுக்கும் வசதியான வழி. கிளைட்டின் பெயரும் சரியாகிவிட்டது. உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும், எங்களில் ஒருவனும் மறுபடி அதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டோம்.

அவன் உட்காரவில்லை.

"முதல் பனிக்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம்," என்றான். "எல்மா பள்ளிக்கூடத்துல இருந்தா. நான் விசையை இழுத்தேன்."

அவன் சுவரில் சாய்ந்திருந்த துப்பாக்கியைப் பார்த்தான்.

"சுத்தி விழுந்துச்சு. டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இத்தனை வருஷத்துல ஒரு தரம் கூட வெடிக்காம விட்டதில்ல அது. மழையில நனைஞ்சிருக்கு, ஆத்துல விழுந்திருக்கு, வெடிச்சிருக்கு. அன்னைக்கு வெடிக்கல." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கெட்டுப்போன தோட்டான்னு நெனச்சிருக்கணும். எவனா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பான். நான் அதைத் திருப்பிக் கூடப் பார்க்கல, ஆத்துல வீசிட்டேன். துப்பாக்கி என்னை வேணாம்னுடுச்சுன்னு நெனச்சேன். உலகத்துல நம்ம மேல அக்கறை உள்ளது இது ஒண்ணுதான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் அதை இன்னும் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு யாரோ கெடுதல் பண்ணிட்டாங்கன்னதும் கண்ணு மண்ணு தெரியல எனக்கு. உங்க எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டேன். அதை மட்டும் ஒரு நிமிஷம் கூடச் சந்தேகப்படல."

அவன் கிளைட்டைப் பார்த்தான். "துப்பாக்கி ஒண்ணும் பண்ணல. எல்மாவும் உர்ஹோவும்தான் பண்ணினாங்க."

சூப் பொங்கி அடுப்பில் வழிந்து கருகிய வாடை வந்தது. நான் நகரவில்லை. எனக்கு அவன் மேல் கோபம்தான் முதலில் வந்தது. தினமும் கடைத் தெருவில் பார்த்தோம், உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி என்று வந்தது. அப்புறம்தான் எங்கள் மேலேயே வந்தது.

கிளைட் எழுந்து ஆர்னேயின் எதிரில் வந்து நின்றான். அடிக்கப் போகிறானோ என்று கூட நினைத்தேன்.

"இதை எல்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவங்க நேத்து ராத்திரி முழுக்க அழுதிருக்காங்க. ஒண்ணும் இல்லாததுக்கு உங்க மேல பழி போட்டுட்டேன்னு அழுதிருக்காங்க. ரோடா காலையில சொன்னா."

ஆர்னே தொப்பியை மடித்தான், பிரித்தான்.

"தான் பண்ணினது தப்புன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க ஆர்னே," என்றான் கிளைட். "எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க, அவங்களுக்கு இன்னும் தெரியாது. வாங்க, என் வண்டியில போலாம். நான் கூட வரேன்."

"நீ எதுக்கு?"

"நீங்க வழியில இறங்கிடுவீங்கன்னு எனக்குச் சந்தேகம்."

ஆர்னே அவனை நிமிர்ந்து பார்த்தான். தலையை அசைத்தான். கிளைட் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தான், ஆர்னே முன்னால் போனான்.

கேம்ப்புக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை யாரும் கொண்டுவருவதில்லை, ஆர்னேயும் கொண்டுவந்ததில்லை. இருந்தாலும் ஜினோ எழுந்து போய், பிடியை இறக்கி உள்ளே விரல் விட்டுப் பார்த்தான். காலியாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே மெதுவாகச் சாய்த்து வைத்தான்.

நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருவரும் முழங்கால் ஆழப் பனியில் கிளைட்டின் லாரியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கதவருகே போனதும் ஆர்னே நின்றான். துப்பாக்கியை எடுக்கத் திரும்பி வருவான் என்று நினைத்தேன். அதில்லாமல் அவன் எங்கள் கேம்ப்பை விட்டு ஒரு நாளும் போனதில்லை. லாரியின் உயரமான படியில் ஏற இடுப்பு வளையாமல்தான் நின்றிருக்கிறான். கிளைட் பின்னாலிருந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டான், அவன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.